கூன்மலைக்கு மூன்று மூட்டை

சித்திரை பதினொன்றாம் தேதி காலை எட்டேகால் மணிக்கு, நாங்கள் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது, கூன்மலைமேல் குளிர்காலம் வந்து உட்கார்ந்தது. சத்தம் எதுவும் இல்லை. மலையின் முதுகு முதலில் விபூதி பூசியதுபோல் வெளுத்தது, பிறகு அந்த வெண்மை பாத்திரத்தை மீறி வழிகிற மாவுபோல மெல்ல மெல்ல இறங்கி, அறுநூற்றுப் பன்னிரண்டு படிகளில் ஐம்பதாம் படிவரைக்கும் வந்து, கோடு கிழித்தாற்போல் அங்கே நின்றது. கோட்டுக்குக் கீழே கல்லரப்பட்டு நூற்றெட்டு டிகிரியில் வெந்துகொண்டிருந்தது. பஸ் வந்தது. ஏறி வேலைக்குப் போனோம்.

சாயங்காலம் திரும்பி வந்தபோதும் அது அங்கேயே இருந்தது. மறுநாளும் இருந்தது. ஒரு வாரத்துக்குள் எங்களுக்குப் பழகிவிட்டது. பூக்காரர்கள் மல்லிகைக் கூடைகளை ஐம்பதாம் படிக்கு மேலே புதைத்துவைத்து, மூன்று நாள் கழித்துத் தோண்டியெடுத்து, இப்போதுதான் பறித்ததென்று விற்றார்கள், வாங்கினவர்களும் முகர்ந்து பார்த்துவிட்டு ஆமாம் என்றார்கள். பிரியாணிக் கடை ஷமீம் பாய் கறியை அங்கே தொங்கவிட்டார். வீட்டில் சண்டை முற்றினால், போய் ஐம்பதாம் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வா என்று ஒருவரையொருவர் அனுப்பினார்கள், போனவர்கள் பல் கிட்டித்துத் திரும்பி வந்து பேசாமல் படுத்தார்கள். எருமைகள் மலையைப் பார்த்தே படுத்தன. பெண் பார்க்க வந்தவர்கள், மலையைப் பார்த்த ஜன்னல் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். மாதா கோயிலில் மே மாதம் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடினார்கள், பெருமாள் கோயிலில் மார்கழி பஜனையை மறுபடி தொடங்கினார்கள். தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு படிவம் வந்தது, இது பேரிடரா, பேரிடரென்றால் என்னென்ன சேதம் என்று கேட்டு. அப்போது எங்களுக்குச் சேதம் ஒன்றும் இல்லாததால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பினோம்.

குளிரோடு கூடவே மலை நீண்டுவிட்டது என்பதை நாங்கள் கவனித்தது அதற்குப் பிறகுதான். முன்பெல்லாம் முக்கால் மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடலாம். இப்போது விடிகாலை ஏறத் தொடங்கியவர்கள் பொழுது சாயும்போதும் பாதி மலையைத் தொடாமல், படிகளை எண்ணி எண்ணி ஆயிரத்துச் சொச்சத்தில் கணக்கு மறந்து திரும்பினார்கள். சர்வேயர் வந்து கீழேயிருந்து கருவி வைத்துப் பார்த்தார், உயரம் பழைய உயரம்தான் என்றார். கருவிக்கு அப்படி. கால்களுக்கு மட்டும் அது இரண்டு நாள் தூரம் ஆகிவிட்டது.

வைகாசி பிறந்த மூன்றாம் நாள் குழாயைத் திறந்தால் காற்று வந்தது.

எங்கள் ஊரில் கிணறு வெட்டினால் உப்பு, போர் போட்டால் அதைவிட உப்பு. நாங்கள் குடிப்பதெல்லாம் கூன்மலை உச்சியில் இருக்கிற பெரிய சுனையின் தண்ணீர். சுனையின் தெற்குக் கரையில் ஒரு கல் மதகு உண்டு, அதன் வழியாகக் கால்வாயில் இறங்கி, கீழே தொட்டியில் சேர்ந்து, தெருக் குழாய்களுக்கு வரும். சுனை மேலாக உறைந்தாலும் அடியில் தண்ணீர் கிடக்கும், ஆனால் மதகின் வாய் பனிக்கட்டியால் அடைத்துக்கொண்டது. யாராவது மேலே போய், கரையில் தங்கி, உடைத்துத் திறக்க வேண்டும். ஒருமுறை திறந்துவிட்டால் ஓடுகிற தண்ணீர் உறையாது என்று பொதுப்பணித்துறை எஞ்சினியர் போனில் சொன்னார். போகிறவர்கள் மேலே எத்தனை இரவு படுக்க வேண்டும் என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் நற்பணி மன்றத்தார் பதினோரு பேர் மேளம் கொட்டிப் புறப்பட்டார்கள். கல்யாண மண்டபத்து ஜமக்காளம், ஷாமியானாவும் அதன் கம்புகளும், ஒரு கேஸ் சிலிண்டர், இட்லிக் குண்டான், ஆளுக்கு நாலு காட்டன் பனியன், இரண்டு இரும்புக் கட்டில். ஏறுகிறபோது வேர்த்தது, வேர்த்த பனியன் உடம்போடு உறைந்து தகரமாகிவிட்டது, சிலிண்டர் பற்றவே இல்லை, ஷாமியானாவைக் காற்று தூக்கிக்கொண்டுபோய் பக்கத்து ஊர்க் கரும்புத் தோட்டத்தில் போட்டது. பொழுது விடிவதற்குள் உருண்டு புரண்டு இறங்கி வந்தார்கள். ஒருவருக்கு இரண்டு கால்விரல் போயிற்று. அடுத்து நாலு பேர் எங்கிருந்தோ வாடகைக்கு எடுத்த பளபள கோட்டுகளோடு போனார்கள். கோட்டு நன்றாகத்தான் இருந்தது. படுத்த தரைக்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு துண்டு மட்டும் விரித்திருந்தார்கள். இறங்கி வந்து ஒரு வாரம் இருமினார்கள்.

அதற்குள் டேங்கர் லாரி மூன்று நாளுக்கு ஒருமுறை, வீட்டுக்கு இரண்டு குடம் என்று ஆகியிருந்தது. தோல் பதனிடுகிற டேனரிகளும் ஷூ கம்பெனியும் தண்ணீரில்லாமல் மூடிக்கிடந்தன. ஊரைவிட்டுப் போகலாமென்று சில வீடுகளில் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

நகராட்சித் தலைவி கோமளவல்லி கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டாள். கூட்டம் முழுக்க ஒரே ஆளைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அவர் பெயர் ஏகாம்பரம், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது ஐம்பத்திரண்டு. ஊருக்குள் பனிமலை ஏகாம்பரம் என்றால்தான் தெரியும். விசேஷ நாட்களில் முழங்காலுக்குத் தொங்குகிற கெட்டியான ராணுவக் கோட்டைப் போட்டுக்கொண்டு வருவார். அன்றைக்கும் அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்.

"அண்ணா, நீங்கதான் கூட்டிட்டுப் போவணும்" என்றாள் கோமளவல்லி. "பனியில இருந்தவரு நீங்க ஒருத்தர்தான்."

ஏகாம்பரம் எழுந்து நின்றார். எழுந்தவர் கோட்டின் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

"நான் பனியைப் பார்த்ததே இல்ல" என்றார் கடைசியில். "பனிமலைக்குப் போறவங்களுக்குச் சாமான் எடுத்துக் குடுக்கற ஸ்டோர்ல இருந்தேன். பதினேழு வருஷம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்னு எடுத்துக் குடுப்பேன், திரும்பி வந்தா எண்ணி வாங்கிப்பேன். நீங்களா பனிமலைன்னு கூப்பிட்டீங்க. நான் இல்லைன்னு சொல்லல. அதான் நான் பண்ண தப்பு."

யாரும் சிரிக்கவில்லை, அதுவே அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். உட்காரப் போனார்.

"அண்ணா, உக்காராதீங்க" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. தெபோராள் எழுந்து நின்றாள். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறவள், நாற்பத்து மூன்று வயது, கூட்டத்தில் அவள் பேசி நாங்கள் கேட்டதில்லை. "போனவங்க திருப்பிக் குடுத்தாங்கல்ல, அதுல எது அழுக்காகி, தேஞ்சு, கிழிஞ்சு வந்துச்சு, எது மடிப்புக் கலையாம வந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

ஏகாம்பரம் அவளைப் பார்த்தார். "ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு."

"அப்டின்னா எது வேணும், எது வாணாம்னு உங்களுக்குத்தான் தெரியும். நானும் பனியைப் பார்த்ததில்லண்ணா. பத்தொம்பது வருஷமா பனி தேசத்துக்காரங்களுக்கு பூட்ஸ் தைக்கிறேன். நாக்குக்கு ரெண்டு பக்கமும் ஏன் மடிச்சுத் தைக்கணும், நூலுக்கு ஏன் மெழுகு போடணும், உள்ளாற கம்பளி அட்டையை ஏன் கழட்டி மாட்டறாப்ல வைக்கணும், எல்லாம் எனக்குத் தெரியும். நான் வரேன்."

மண்டபத்தின் பின்வரிசையில் வேர்க்கடலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஏகாம்பரத்தின் மனைவி சம்பூர்ணம், கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கடலை வறுத்து விற்கத் தொடங்குவதற்கு முன்பு இருபது வருஷம் செங்கல் சூளையில் சுமந்தவள் அவள்.

"நானும் வரேன்" என்றாள். "சுமக்கத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு வாணாமா?" பிறகு புருஷனைப் பார்த்து, "கல்யாணமான மறுவருஷமே எனக்குத் தெரியும். பனியில கெடந்தவன் காதா அது, நுனிகூடக் கறுக்காம" என்றாள்.

அப்போதுதான் மண்டபம் சிரித்தது. ஏகாம்பரமும் சிரித்தார், ரொம்ப நாளாக உள்ளே இறுகியிருந்த ஒன்று கழன்றவர்போல.

மறுநாளிலிருந்து கல்லரப்பட்டில் வேறு வேலையே இல்லை. மூடிக்கிடந்த ஷூ கம்பெனியின் தையல் பிரிவை முதலாளி திறந்துவிட்டார். ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், பதினேழு வருஷத்தை மனசுக்குள் புரட்டி, ஒவ்வொன்றாகச் சொல்வார்.

"உள்ள போடற மெல்லிசு சட்டை. எப்பவும் கந்தலாத்தான் திரும்பி வரும். காட்டன் கெடையாது. வேர்வையைக் குடிக்காத துணி."

அப்படிப்பட்ட துணி எங்கே என்று நாங்கள் முழித்தோம். சம்பூர்ணம் வீட்டுக்குப் போய் தன் பழைய நைலக்ஸ் புடவைகள் ஆறை எடுத்துவந்து போட்டாள், எத்தனை தோய்த்தாலும் உதறினால் காய்ந்துவிடுகிற புடவைகள். அவை உள்சட்டைகளாயின. அதற்குமேல் கம்பளி. ஆடு மேய்க்கிறவர்கள் போர்த்துகிற முரட்டுக் கம்பளிகளைக் கேட்டு வாங்கி, வெட்டித் தைத்தார்கள். அதற்கும் மேலே காற்று நுழையாத மெல்லிய உறை, மழைக்கோட்டுத் துணியில், கழுத்திலும் அக்குளிலும் திறந்து மூடுகிற மாதிரி. ஒரே கெட்டித் துணியைவிட மூன்று மெல்லிய துணி நல்லது, வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம், வேர்க்கிறதுக்கு முன்னாலேயே கழற்றிவிடலாம் என்றார் ஏகாம்பரம்.

"படுக்கிற பை. அது இல்லாம ஒருத்தனும் போனதில்ல."

வயல்களில் வாத்து மேய்க்கிறவர்கள் அந்த வாரம் ஆற்றங்கரையில் இறங்கியிருந்தார்கள். வாத்தின் நெஞ்சு இறகு, அந்தப் பஞ்சுபோன்ற இறகு மட்டும், சாக்குச் சாக்காக வந்தது. பெரிய பையில் மொத்தமாக அடைத்தால் எல்லாம் காலுக்கு இறங்கிவிடும் என்று தெபோராள் கையகலம் கையகலமாகச் சின்னச் சின்ன அறைகள் தைத்து, ஒவ்வொரு அறையிலும் எடைபோட்டு இறகு நிரப்பினாள். ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் அவளோடு உட்கார்ந்து தைத்தார்கள். நாலு நாள் ஊரே தும்மியது. சாம்பாரில் இறகு, தாலிக்கயிற்றில் இறகு, கோமளவல்லியின் கையெழுத்துமேல் ஒட்டிக்கொண்டு ஓர் இறகு தாலுகா ஆபீஸ் வரைக்கும் போயிற்று.

கூடாரத்துக்கு ஷமீம் பாய் பெரிதாக ஒன்று தைக்கச் சொன்னார், மூன்று பேர் நின்று நமாஸ் பண்ணுகிற அளவுக்கு. "பாய், பெரிசா இருந்தா நம்ம உடம்புச் சூடு பத்தாது" என்றார் ஏகாம்பரம். முழங்கால் போட்டு நுழைகிற உயரம், இரண்டு தோல், உள்தோலுக்கும் வெளித்தோலுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. சிவப்புத் துணி, கீழேயிருந்து எங்களுக்குத் தெரிவதற்காக. பனியில் முளை நிற்காது என்பதால், முளைக்குப் பதிலாக எட்டுச் சின்னத் துணிப் பைகள். அவற்றில் பனியை அடைத்து, குறுக்கே புதைத்து, மிதித்துவிட்டால் கல்லாகிப் பிடித்துக்கொள்ளும். சமையலுக்குக் கேஸ் வேண்டாம், மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ். அடுப்பு பனியில் புதையாமலிருக்க அதற்கடியில் ஒரு பலகை. கண்ணுக்கு வெல்டிங் பட்டறைக் கண்ணாடி. தீப்பெட்டி மூன்று பேரிடமும் தனித்தனியாக. சாப்பாட்டைச் சம்பூர்ணம் யாரையும் கேட்கவில்லை. கடலை, வெல்லம், நெய், எள், கொப்பரை எல்லாம் சேர்த்து இடித்து உருட்டி, கடிக்கிற அளவுக்குத் துண்டுபோட்டாள், ஏனென்றால் உறைந்த உருண்டையை அங்கே யார் உடைப்பது.

பத்தாம் நாள் ஐம்பதாம் படிக்கு மேலே கூடாரம் போட்டு, மூன்று பேரும் பகல் முழுக்க உள்ளே படுத்துப் பார்த்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நாங்கள் ஐந்நூறு பேர் உட்கார்ந்து, தெருக்கூத்து பார்ப்பதுபோலப் பார்த்தோம். ஒரு மணி நேரம் கழித்து ஏகாம்பரம் வெளியே வந்தார். முதுகு உறைந்துவிட்டது என்றார். மேலே எத்தனை இறகிருந்தாலும், அடியில் நசுங்கின இறகு சூட்டைப் பிடித்துவைக்கவில்லை. தெபோராள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஷூவுக்கு உள்ளடி வெட்டுகிற ரப்பர்ப் பஞ்சுத் தகடு கொண்டுவரச் சொன்னாள். அவர்கள் கம்பெனியில் அது சுருள் சுருளாகக் கிடந்தது, பூப்போல லேசு, தண்ணீர் குடிக்காது. இரண்டு தகடு போட்டுப் படுத்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வரவில்லை, குறட்டைதான் வந்தது.

தெபோராளுக்குத்தான் கஷ்டம். தானே தைத்த பூட்ஸில் அவள் கால் மரத்துவிட்டது. கழற்றிப் பார்த்தாள், திரும்பப் போட்டாள், மறுபடி கழற்றினாள். பிறகு அங்கேயே பனியில் உட்கார்ந்து, "ரெண்டு சாக்ஸ் போடுவாங்கன்னு யாரும் எங்ககிட்ட சொல்லல" என்றாள். கால் இறுகினால் ரத்தம் ஓடாது. மூன்று ஜோடியையும் ஓர் அளவு பெரிதாக மறுபடி தைத்தாள்.

கடைசியில் எடை. மதகுப் பனியை உடைக்கக் கடப்பாறை வேண்டும், உடைத்த பிளவில் போட உப்பு வேண்டும். தோலுக்குப் போடுகிற கல்லுப்பு டேனரிகளில் மலையாகக் கிடந்தது, முப்பது கிலோ போதும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். புளிமண்டித் தராசில் மூன்று மூட்டையையும் நிறுத்தபோது, சம்பூர்ணம் ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினாள்.

"உடம்பு எடையில மூணுல ஒரு பங்கு. அதுக்குமேல ஒரு படி ஏறினா ஒரு அடி புதையுவ. எடுங்க வெளியில."

எடுத்தார்கள். இரண்டாவது பாத்திரம், மாற்றுத் துணி, நற்பணி மன்றம் கொடுத்த கொடி, கோமளவல்லி கொடுத்த வெண்கல மணி, தெபோராளின் பெரிய பைபிள், சம்பூர்ணத்தின் வெற்றிலைப் பெட்டி. அப்படியும் நாலு கிலோ கூடுதல். தராசைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் அந்த நாலு கிலோ எங்கே இருக்கிறதென்று தெரிந்திருந்தது.

ஏகாம்பரம் கோட்டைக் கழற்றினார். கெட்டிப் பருத்தி, உள்ளே தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்கிற துணி. "இது எப்பவும் மடிப்புக் கலையாமத்தான் திரும்பி வரும்" என்று சொல்லி, மடித்து, ஷமீம் பாய் கையில் கொடுத்தார்.

வைகாசி இருபத்தேழாம் தேதி காலை கிளம்பினார்கள். மேளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாலைகளை ஐம்பதாம் படியில் கழற்றி வைத்துவிட்டு, பனியின் எல்லைக் கோட்டைத் தாண்டினார்கள். மத்தியானம்வரைக்கும் மூன்று புள்ளிகளாகத் தெரிந்தார்கள், பிறகு தெரியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும், ஆனால் அன்றிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம், இப்போது நாங்களும் கூடப் போனவர்களைப்போலச் சொல்லுகிறோம்.

படிகள் முடியவே இல்லை. சம்பூர்ணம் முன்னால் போனாள், சூளையில் போகிற அதே நடை, அவசரமில்லாமல், நிற்காமல். வேர்க்கப்போகிறது என்று தோன்றினதும் நின்று ஒரு துணியைக் கழற்றினார்கள், நின்றதும் போட்டுக்கொண்டார்கள். மணிக்கு ஒருதரம் கடலைத் துண்டு. பொழுது சாய்கிறபோது கூடாரம் போட்டார்கள். காற்று வந்தது. ஷாமியானாவைத் தூக்கிய அதே காற்று வந்து, அந்தச் சின்னக் கூடாரத்தை நாலு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு, எட்டுப் பைகளும் அசையாததால் மேலே தாண்டிப் போயிற்று.

இரண்டாம் நாள் முற்பகலில் ஏகாம்பரம் நின்றுவிட்டார். முன்னும் வெள்ளை, பின்னும் வெள்ளை, கீழே ஊர் இருக்கிற இடத்திலும் வெள்ளை. வலது கையுறை கழன்று, கழுத்துக்குப் பின்னால் போகிற கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாண்ணா?" என்றாள் தெபோராள்.

"இந்தக் கயிறு எப்பவும் கடிச்ச மாதிரி வரும். எதுக்கு இதைக் கடிச்சுத் தொலைக்கிறாங்கன்னு திட்டிட்டே வாங்குவேன்." அவர் பல்லால் கயிற்றைப் பிடித்து இழுத்து, கையுறையைக் கைக்குக் கொண்டுவந்து மாட்டினார். வேறு எப்படியும் அதை மாட்ட முடியாது. "சில பேரு திருப்பிக் குடுக்க வரவே இல்லம்மா. சாமான் வரலன்னு ரிஜிஸ்டர்ல எழுதினேன். அவன் வரலன்னு எழுதறதுக்கு அதுல எடமில்ல."

அவர் அழுதார். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது. இரண்டு பெண்களும் மூட்டையை இறக்காமல் அவர் பக்கத்தில் நின்றார்கள்.

"இப்ப நீயே வந்துட்டியே" என்றாள் சம்பூர்ணம். "இந்தா, ஒரு துண்டு சாப்புடு. நட."

அன்று பொழுதிறங்குவதற்குள் உச்சியை அடைந்தார்கள். சுனை ஒரு பெரிய வெள்ளைத் தட்டாகக் கிடந்தது. மதகின் வாயை மூன்றரை அடிக் கட்டி மூடியிருந்தது. மறுநாள் முழுக்க இடித்தார்கள். ஒருவர் இடிக்க, ஒருவர் உடைந்ததை வாரிப்போட்டுப் பிளவில் உப்பு கொட்ட, ஒருவர் கூடாரத்தில் பனியை உருக்கிக் கஞ்சி காய்ச்சுவார், பிறகு மாறிக்கொள்வார்கள். உப்பு போட்ட இடம் முணுமுணுத்துக்கொண்டே இளகியது. தண்ணீர் போத்தலைத் தலைகீழாக வைத்தார்கள், ஏனென்றால் உறைவது மேல்பக்கமிருந்துதான், தலைகீழாக இருந்தால் மூடி அடைக்காது. டார்ச் பேட்டரியை உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டு படுத்தார்கள். இரண்டடி போயிற்று. உப்பு தீர்ந்தது.

நாலாம் நாள் காலையில் மிச்சம் ஒன்றரை அடி, கையில் கடப்பாறை மட்டும். தெபோராள் ஸ்டவ்வைத் தூக்கிவந்து, பலகையோடு மதகின் வாயில் வைத்தாள். இருந்த மண்ணெண்ணெயில் பாதியைத் திரும்பி இறங்குவதற்கென்று ஒதுக்கியிருந்தார்கள்.

"அது நாம தண்ணி காய்ச்சறதுக்கும்மா" என்றார் ஏகாம்பரம்.

"மதகு தொறந்தா தண்ணி காய்ச்ச வேண்டியதில்லண்ணா. தொறக்கலைன்னா எந்த மூஞ்சியோட எறங்கறது."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சம்பூர்ணம் பம்ப் அடித்தாள். நீலச் சுவாலை சீறிக்கொண்டு பனிக்கட்டியை நக்கியது. ஏகாம்பரம் கடப்பாறையை எடுத்துக்கொண்டு, சுவாலை பட்டு இளகின இடத்தில் குத்தினார், குத்தினார், தோள் போய்விடும்போலிருந்தபோது தெபோராள் வாங்கிக் குத்தினாள், அவளுக்குப் பிறகு சம்பூர்ணம் வாங்கினாள், பத்து மணி சுமாருக்கு உள்ளேயிருந்து பசுமாடு பெருமூச்சு விட்டாற்போல ஒரு சத்தம் வந்து, கட்டி நடுவில் பிளந்து, கறுப்பாகத் தண்ணீர் எட்டிப்பார்த்தது. ஸ்டவ்வைத் தூக்க நேரமில்லை. தண்ணீர் அதை உருட்டிக்கொண்டு போயிற்று.

கீழே எங்களுக்குப் பதினொன்றே முக்காலுக்கு வந்தது. முதலில் கால்வாய்க்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள், பிறகு கிழக்குத் தெருவில் திறந்து கிடந்த குழாய்கள் ஒவ்வொன்றாக இருமின, காறின, துருவைத் துப்பின, பிறகு வந்தது. பல் கூசுகிற தண்ணீர், நெற்றி வலிக்கிற தண்ணீர், குடத்தை இடுப்பில் வைத்தால் துள்ளவைக்கிற தண்ணீர். டேனரிச் சங்கை யாரோ ஊதினார்கள். கோயிலிலும் மாதா கோயிலிலும் மணி அடித்தது, பள்ளிவாசலில் ஒலிபெருக்கியில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னார்கள். மூட்டை கட்டியிருந்த வீடுகளில் அவிழ்த்தார்கள். ஷமீம் பாய் மூன்று தேக்சா பிரியாணிக்கு அரிசி களைந்தார். கோமளவல்லி தலையோடு ஒரு குடத்தைக் கவிழ்த்துக்கொண்டு, நனைந்த புடவையோடு நின்று சிரித்தாள்.

இறங்குவதற்கு ஒன்றரை நாள் என்று வைத்தாலும் மறுநாள் சாயங்காலம் வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டு, படிகளின் அடியில் கூடினோம். மாலை, மேளம், பிரியாணி. சாயங்காலம் போயிற்று. யாரும் வரவில்லை. அண்ணாந்து பார்த்தோம். உச்சியில் கூடாரத்தின் சிவப்புப் புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது. மதகு திறந்துவிட்டது, ஆட்களுக்கு என்ன ஆயிற்றோ என்று ஆளாளுக்குப் பேசினோம். தெபோராளின் புருஷன், லாரி டிரைவர், வண்டியை நடுரோட்டிலேயே விட்டுவிட்டு வந்து, முதல் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சர்வேயர் தன் கருவியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சறுக்கறாங்க" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. ஒவ்வொருவராகக் கண்ணை வைத்துப் பார்த்தோம். மேலே, சாய்கிற வெயிலில் தங்கமாகிக் கிடந்த சரிவில், மூன்று பேரும் படுக்கைத் தகடுகளின்மேல் உட்கார்ந்து சுனையை நோக்கிச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். அடியில் போய் விழுந்து, எழுந்து, தகட்டை இழுத்துக்கொண்டு மேலே ஏறி, மறுபடியும் சறுக்கினார்கள். சம்பூர்ணம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாளும் இருட்டினபின் சிவப்புப் புள்ளி பாதி மலையில்தான் தெரிந்தது. அதற்கும் மறுநாள், காலைப் பத்து மணிக்கு, மூக்குத் தோல் உரிந்து, முகம் கறுத்து, கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெளுத்து, மூன்று பேரும் கோட்டைத் தாண்டி வெயிலுக்குள் வந்தார்கள். மேளம் அடிக்க மறந்து போயிற்று. கோமளவல்லிதான் முதலில் பேசினாள்.

"ஏங்க்கா, முந்தாநேத்தே வந்திருக்கலாமே. ஊரே பயந்து போச்சு."

சம்பூர்ணம் மூட்டையை இறக்கித் தரையில் வைத்தாள். "தண்ணி உங்களுக்கு" என்றாள். "அந்த ஒரு நாளு எங்களுக்கு."

தெபோராள், ஏகாம்பரம் இரண்டு பேர் முகத்திலும் அதேதான் எழுதியிருந்தது. நாங்கள் குழாயடியில் வரிசையாக வைத்திருந்த குடங்களை இரண்டு பக்கமும் நகர்த்தி, அவர்களுக்கு வழிவிட்டோம்.